எல்லோரும் ஏறக்கூடிய பாறை: கோவையைச் சுற்றி ஒரு சனிக்கிழமை

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஃபார்வர்டு செய்யாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எந்தக் குரூப்பிலும் போடாதீர்கள். நீங்கள் துடியலூர்ப் பக்கத்துக்காரராக இருந்தால், மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அவர் என் அப்பாவாக இருக்கலாம்.

அவ்வளவு பயம் இருந்தால் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஆரம்பநிலை மலையேற்றப் பயிற்சிக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று நாங்கள் தேடியபோது தமிழில் ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் பனிமலைப் படங்கள். கோயமுத்தூரில் பனி எங்கே இருக்கிறது? நாளைக்கு இன்னொரு பள்ளியில் இன்னொரு டீச்சர் இதே மாதிரி தேடினால் அவருக்கு இது உதவும். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். போர்வைக்குள் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் விளையாட்டு ஆசிரியை விமலா மிஸ் கல்லூரியில் படிக்கும்போது வடக்கே போய் ஒரு மாதம் மலையேற்றம் கற்றவர். அரையாண்டு விடுமுறையில் எங்கள் வகுப்பிலிருந்து இருபது பெண்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்க ஆசைப்பட்டார். கயிறு, ஹெல்மெட், இடுப்புப் பட்டை எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். தலைமை ஆசிரியை சம்மதித்தார், ஆனால் பள்ளியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் பாதுகாப்பான இடம் வேண்டும், திங்கட்கிழமைக்குள் எந்த இடம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி கிடையாது என்று சொல்லிவிட்டார்.

இடம் பார்க்க மிஸ் இரண்டு பேரைக் கூட்டிப்போனார். நான் ஒருத்தி, ஏனென்றால் கேள்வி கேட்டு அவர் உயிரை எடுப்பவள். இன்னொருத்தி என் பக்கத்து இருக்கை ஜெனி. பள்ளிக் கூரையில் பந்து சிக்கினால் வாட்ச்மேன் ஏணி கொண்டுவருவதற்குள் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

வீட்டில் நான் முன்பே கேட்டுப் பார்த்தேன். அப்பா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "கையக் காலை முறிச்சுட்டு வந்து நின்னீன்னா எவன் பாக்கறது? இன்னொருக்கா மலைங்கற பேச்சு வந்துது, ப்ளஸ் டூவுக்கு நாமக்கல் ஹாஸ்டல்தான் பாத்துக்க." அந்த ஹாஸ்டலில் என் சித்தப்பா மகள் இருக்கிறாள். மாதம் ஒரு முறைதான் வீட்டோடு பேச முடியும். அதனால் இன்றைக்கு ஃபிசிக்ஸ் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, பையில் சுடிதாரை ஒளித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

துடியலூர் பஸ் ஸ்டாப்பில் காலை 6.40-க்கு வண்டி வந்தது. பழைய ஆம்னி வேன். நாள் வாடகை பெட்ரோலோடு 2,600 ரூபாய், மிஸ் கொடுத்தார். ஓட்டுநர் செல்வராஜ் அண்ணன் பின்னால் கிடந்த கயிற்றுச் சுருளைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கவே இல்லை.

"ஏனுங்க மிஸ், மருதமலைக்குப் போனா படிக்கட்டே கட்டி வெச்சிருக்கறாங்க. கயித்தக் கட்டிட்டுத் தொங்கோணும்னு என்னங்க தலையெழுத்து?"

"படிக்கட்டு ஏற யாரும் கத்துக்குடுக்க வேண்டியதில்லீங்கண்ணா. அதான்."

"அப்பச் செரி. என்னைய மட்டும் ஏறச் சொல்லிப்போடாதீங்க."

முதல் இடம் மதுக்கரை தாண்டி, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. துடியலூரிலிருந்து 27 கிலோமீட்டர், 7.50-க்குச் சேர்ந்தோம். தூரத்தில் பார்க்கும்போது இதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. செங்குத்தாக வெட்டிய சுவர், நான்கு மாடி உயரம், அடியில் பச்சை நிறத் தண்ணீர். படம் எடுக்க அழகான இடம். ஆனால் மிஸ் முதலில் பாறையைப் பார்க்கவே இல்லை, பைனாகுலரை எடுத்து விளிம்புகளுக்கு அடியில் தேடினார். கறுப்பாக மூன்று பெரிய தேன்கூடுகள் தொங்கின. ஆரம்பநிலைப் பயிற்சியில் உயரத்தைவிட ஆபத்தானது தேனீ என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கயிற்றில் தொங்குகிறவள் ஓட முடியாது.

"யாரு செண்ட் அடிச்சிருக்கறது?" என்று மிஸ் கேட்டார். நானும் ஜெனியும் இல்லை என்று தலையாட்டினோம். செல்வராஜ் அண்ணன் வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கூடுகள் இல்லாத மூலையில் மிஸ் பாறையை ஒரு கல்லால் தட்டிக் காட்டினார். சில இடத்தில் 'டக்' என்று கேட்டது, சில இடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி மந்தமாகக் கேட்டது. வெடி வைத்துப் பிளந்த பாறையில் உள்ளே விரிசல் ஓடியிருக்கும், வெளியே தெரியாது, பிடித்து இழுத்தால் கையோடு வரும் என்றார். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப்போய் நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா மேலிருந்து கத்தினார்.

"அம்மணி, அந்த மூலைக்குப் போகாதீங்க! போன மழைக்கு அப்பிடியே சரிஞ்சு உழுந்துபோச்சு!"

அதோடு மதுக்கரை முடிந்தது.

அங்கிருந்து பேரூர் வழியாகத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் 24 கிலோமீட்டர். பேரூரில் நான்கு பேருக்கும் இட்லி, வடை, காபி 260 ரூபாய். மிஸ் பார்க்க நினைத்த பாறைகளில் பாதி வனத்துறை எல்லைக்குள் இருந்தன. அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆகுமாம், வாங்கினாலும் இருபது பெண்களோடு யானைப் பாதையில் உட்கார முடியாது. மிச்சம் இருந்தது ஒரு தென்னந்தோப்பின் கடைசியில் இருக்கும் பாறைக் குவியல். தோப்பு சரோஜா அக்காவுடையது. மூன்று பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. உயரம் இரண்டு மாடி இருக்கும். வடக்குப் பக்கம் பாசி, தெற்குப் பக்கம் காய்ந்த நல்ல பாறை. தட்டினால் எல்லா இடத்திலும் 'டக்'.

தோப்பு முழுக்கத் தென்னை இருக்கிறதே, கயிற்றை அதில் கட்டலாமே என்று கேட்டேன். தென்னைக்கு வேர் ஆழமாகப் போகாது, கட்டக்கூடாது என்றார் மிஸ். பின்னால் நின்ற புளியமரத்தைச் சுற்றிவந்து பார்த்து, அதில் கட்டினார்.

ஜெனி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். முதலில் பாறையில் கன்னத்தை வைத்து மேலே பார்த்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, அப்படிப் பார்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று நிழலில் தெரிகிறது என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு இடத்தில்கூட நிற்காமல் போய்விட்டாள்.

"அட சாமி, இந்தப் புள்ள ஒடக்கானாட்டமல்ல போகுது!" என்றார் சரோஜா அக்கா. ஒடக்கான் என்றால் எங்கள் பக்கம் ஓணான்.

என் முறை வந்தபோது பாதியில் கையால் தொங்கிக்கொண்டு நின்றுவிட்டேன். "கையால இழுக்காதடி, காலால தள்ளு" என்று மேலிருந்து ஜெனி கத்தினாள். அந்த ஒரு வாக்கியம்தான் இன்று நான் கற்றதில் பெரியது. பெண்களுக்குக் கையில் பலம் கம்மி, ஏற முடியாது என்று சொல்கிறவர்கள் கால் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

சரோஜா அக்கா வைத்தது ஒரே நிபந்தனை. "ஆனை வாரது பொழுது உழுந்துதானுங்க. போன வாரம் நாலு தென்னையச் சாச்சுப்போட்டுப் போயிருச்சு. அஞ்சு மணிக்கு எல்லாரும் கெளம்பிரோணும். எம்புள்ளையா இருந்தாலும் அதேதான்." கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை பேத்துக்குங்க சோறாக்கோணும்?"

மிஸ்ஸுக்கு மனம் நிறையவில்லை. அந்தப் பாறையில் ஒரே நேரத்தில் இரண்டு கயிறுதான் கட்ட முடியும். இருபது பேரில் பதினெட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். "இதை ரெண்டாவதா வெச்சுக்கலாம்" என்றார்.

மூன்றாவது இடம் அன்னூர்ப் பக்கம் ஒரு கரடு. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், கரடு என்றால் மலை என்று சொல்லும் அளவு உயரமில்லாத பாறைக்குன்று. சோளக்காட்டு நடுவில் திடீரென்று எழுந்து நிற்கும். மதியம் 1.40-க்கு அங்கே இறங்கினோம். துடியலூரிலிருந்து நேராகப் போனால் 34 கிலோமீட்டர்.

இறங்கியவுடனே மிஸ் சிரித்தார். எனக்கும் காரணம் புரிந்தது, அந்த அளவுக்கு இன்று தேறியிருந்தேன். முழுக் குன்றும் ஒரே கல். சறுக்குமரம் மாதிரி சாய்வாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்குத்தாகிறது. பயந்தவர்கள் கீழ்ப்பகுதியோடு நின்றுகொள்ளலாம். தேன்கூடு இல்லை. உச்சிக்குப் போகப் பின்பக்கம் நடைபாதை. நான்கு கயிறு கட்ட நான்கு இடம். அடிவாரம் வரை தார் ரோடு, போனில் சிக்னல், மூன்று கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம், சமுதாயக் கூடத்தில் கழிப்பறை. அடிவாரத்தில் வேப்பமரத்துக்குக் கீழே மஞ்சள் துணி சுற்றிய ஏழு கற்கள், கன்னிமார் சாமி. கோயில் காரியம் பார்ப்பவரிடம் மிஸ் முன்பே போனில் பேசியிருந்தார். செருப்புப் போட்டு ஏறக்கூடாது, பாறையில் ஆணி அடிக்கக் கூடாது, வேறொன்றும் இல்லை, பெண் பிள்ளைகள் ஏறினால் கன்னிமாருக்குச் சந்தோஷம்தான் என்று அவர் சொன்னாராம்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தால் பாறை கல் உப்பு மாதிரி சொரசொரவென்று விரலைப் பிடித்துக்கொள்கிறது. மிஸ் கயிற்றுச் சுருளோடு பின்பாதையில் மேலே போனார். நானும் ஜெனியும் கீழே நின்றோம். செல்வராஜ் அண்ணன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துப் படுத்திருந்தார்.

அப்போதுதான் கோயில் காரியக்காரர் மொபெட்டில் வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, ஐம்பது வயதுக்கு மேல். முகம் கொள்ளாத சிரிப்பு.

"வாங்க கண்ணு, வாங்க அம்மணி. தண்ணி கிண்ணி குடிச்சீங்களா? நீ எந்த ஊரு கண்ணு?"

"துடியலூருங்க."

"துடியலூர்ல யாரு ஊடு? எந்தக் கூட்டம்?"

எங்கள் பக்கம் கல்யாணத்தில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், எங்கே யாரைப் பார்த்தாலும் குடும்பப் பெரியவர்கள் கேட்கிற கேள்வி அது. குலப் பெயரைச் சொன்னால் என்ன உறவு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சிறு வயதிலிருந்து பதில் சொல்லிப் பழகிய வாய். ஒளிந்து வந்திருக்கிறேன் என்பதே ஞாபகம் இல்லாமல் கூட்டம், அப்பா பெயர், பட்டறை இருக்கும் இடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அட, நம்ம பங்காளி ஊட்டுப் புள்ள! அப்ப நான் உனக்குப் பெரியப்பன் முறையாச்சே. அப்பன் நெம்பரைச் சொல்லு. ராத்திரி போன் போட்டு, உம்பொண்ணு நம்ம கரட்டுல ஏறுச்சுன்னு சொன்னா எவ்வளவு சந்தோசப்படுவாப்ல!"

நம்பரையும் கொடுத்தேன். பெரியவர் கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் ஜெனி பக்கம் திரும்பினார். "நீங்க அம்மணி? எந்தக் கூட்டம்?"

"எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க" என்றாள் ஜெனி. ஊரைச் சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னாள்.

அவருடைய சிரிப்பு அப்படியேதான் இருந்தது. "அதுக்கென்னங்க, நல்லாப் படிங்க. ஒண்ணே ஒண்ணு. இது சாமி இருக்கற கரடல்லோ, நீங்க மட்டும் இப்பிடி ஓரமா உக்காந்துக்கங்க. நான் இதெல்லாம் பாக்கறவனில்லீங்க. ஊருன்னு ஒண்ணு இருக்குதல்ல. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க அம்மணி." சமுதாயக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவரே தூக்கிவந்தார். துண்டால் துடைத்தார். வேப்பமரத்து நிழல் முடிகிற இடத்தைத் தாண்டி, ரோட்டோரம் போட்டார்.

என்னிடம் யாரும் இவ்வளவு 'ங்க' போட்டுப் பேசியதில்லை. இத்தனை மரியாதையாக ஒருவரை நிறுத்தி வைக்க முடியும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

மேலே கயிறு கட்டி முடித்த மிஸ்ஸுக்கு இது எதுவும் கேட்கவில்லை. "ஜெனி! நீதான் முதல்ல!" என்று கூப்பிட்டார்.

ஜெனி நாற்காலியில் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பல்லு வலிக்குதுங்க மிஸ்! அவ வருவா!"

நான் ஏறினேன். பாதியில் நிற்கவில்லை. காற்று நன்றாக இருந்தது, மேற்கே மலைத்தொடர் முழுவதும் தெரிந்தது, எனக்குப் பிடித்தும் இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். உச்சியில் மிஸ் என் தோளைத் தட்டி, "இதுதான் இடம். திங்கட்கிழமை சொல்லிடறேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கீழே மொபெட்டோடு நிற்கும் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஸ் அவரிடம் கேட்பார், அவர் ராத்திரி வரை காத்திருக்காமல் அங்கேயே அப்பாவுக்குப் போன் போடுவார்.

திரும்பும் வழியில் கோவில்பாளையத்தில் டீ, பஜ்ஜி 120 ரூபாய். மிஸ் வாங்கப் போயிருந்தபோது செல்வராஜ் அண்ணன் கண்ணாடி வழியாக ஜெனியைப் பார்த்தார்.

"ஏனம்மணி, பல்லு வலிக்குக் கிராம்பு வாங்கியாரட்டுமா?"

"வேண்டாங்ணா. ஊரத் தாண்டுனதும் போயிருச்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். இறங்கிப்போய் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

மிஸ்ஸிடம் சொல்லலாமா என்று ஜெனியின் காதில் கேட்டேன். "சொன்னா கோர்ஸே வேண்டாம்னுருவாங்க. மீதிப் பேரெல்லாம் என்னையத்தான் திட்டுவாளுக. விடு" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டாமுத்தூர்ப் பாறையில் தேய்ந்து சிவந்திருந்தன.

வீடு வந்து சேர்ந்தது மாலை 5.20. ஸ்பெஷல் கிளாஸ் எப்படி என்று அம்மா கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

இனி, உங்களில் யாராவது இப்படி இடம் தேடினால்: அழகைப் பார்க்காதீர்கள். முதலில் தேன்கூடு, அப்புறம் தட்டிப் பார்த்த சத்தம், அப்புறம் மேலே நடந்து போக வழி இருக்கிறதா, கயிறு கட்ட ஆழமாக வேர் விட்ட மரமோ அசையாத பாறையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்று பாருங்கள். மேற்குப் பார்த்த பாறையில் மதியத்துக்கு மேல் சூட்டில் கை வைக்க முடியாது. இது எல்லாம் மிஸ் சொன்னது. நான் சேர்ப்பது ஒன்று. போனில் அனுமதி கேட்காதீர்கள். உங்களோடு ஏறப்போகிற எல்லோரையும் கூட்டிப்போய், பாறைக்கு முன்னால் நிற்க வைத்து, இவர்கள் எல்லோரும் ஏறலாமா என்று சத்தமாகக் கேளுங்கள். எல்லோரும் ஏற முடியாத பாறை ஆரம்பநிலைக்கு ஏற்ற பாறை இல்லை.

உங்களுக்குச் சொல்கிற புத்தியை மிஸ்ஸுக்குச் சொல்லாமல் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஜெனிக்கு மெசேஜ் போட்டேன்: நான் சொல்லப்போகிறேன், நீ வேண்டாம் என்றால் இல்லை. அவள் தூங்கவில்லை. "சொல்லு. ஆனா பாவம்னு மட்டும் எழுதாத" என்று பதில் வந்தது.

நடந்ததை நடந்தபடி மிஸ்ஸுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பெரியப்பா யார் என்பதையும், நான் வீட்டில் சொன்ன பொய்யையும் சேர்த்தே எழுதினேன். பாவம் என்று எழுதவில்லை. இரண்டு நீல டிக் வந்தது. ரொம்ப நேரம் டைப்பிங் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் இவ்வளவுதான் வந்தது: "தொண்டாமுத்தூர். இருபது பேரும். நாளைக்கு உங்க அப்பாகிட்ட நானே வந்து பேசறேன்."

நாளைக்கு வரை தாங்காது போல. ஹாலில் அப்பாவின் போன் அடித்தது. "சொல்லுங்கண்ணா... எந்தக் கரடுங்க?... யாரு, எம்புள்ளையா?" அதற்குப் பிறகு நாற்காலியைத் தள்ளும் சத்தம்.

மிச்சத்தைச் சீக்கிரம் எழுதிவிடுகிறேன். இரண்டு கயிறுதான் என்றால் நாள் முழுக்க எல்லோரையும் பாறையடியில் வைத்திருக்காதீர்கள். நான்கு குழுவாகப் பிரித்தால் ஒரு குழு ஏறும்போது இன்னொரு குழு புளியமரத்தடியில் முடிச்சுப் போடப் பழகலாம், மூன்றாவது குழு சரோஜா அக்காவுக்குச் சமையலில்

கதவைத் தட்டுகிறார்கள். கூப்பிடவில்லை, தட்ட மட்டும்தான் செய்கிறார்கள். இதைப் பதிவேற்றிவிட்டுத்தான் திறப்பேன்